கனடா பிஆர்: அழைப்பு வரும் முன்பே கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கனடாவின் புள்ளி முறைக் குடியேற்றத் தேர்வான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் முழு விண்ணப்பமும் இணையத்தில் ஏறியிருக்க வேண்டும். காகிதம் திரட்டத்தான் அந்த 60 நாள் என்று நினைத்திருப்பவர்கள் கடைசி வாரத்தில் படாத பாடு படுகிறார்கள். பழைய கம்பெனியின் மனிதவளத் துறையிலிருந்து ஒரு கடிதம் வாங்கவே மாதக்கணக்கில் ஆகலாம். வளைகுடாவில் சில ஆண்டு இருந்தவருக்கு அந்த நாட்டுப் போலீஸ் சான்று வருவதற்குள் கெடுவே முடிந்துபோகும். சேர்த்து வைத்ததைச் சரிபார்த்து ஏற்றுவதற்குத்தான் 60 நாள். திரட்டும் வேலை அதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிஆர் என்பது நிரந்தர வசிப்புரிமை, குடியுரிமை வேறு. பாஸ்போர்ட் பழைய நாட்டினுடையதாகவே இருக்கும், ஓட்டுரிமை வராது. வேலை, படிப்பு, மாகாண மருத்துவக் காப்பு ஆகியவை கிடைக்கும்.

எந்த வாசல் உங்களுக்கு

எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குள் மூன்று திட்டங்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் இருந்தபடி விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஃபெடரல் ஸ்கில்ட் ஒர்க்கர். கனடாவிலேயே கடந்த 3 ஆண்டுக்குள் 1 ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ். எலெக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற கைத்தொழிலாளர்களுக்கு ஸ்கில்ட் டிரேட்ஸ்.

ஃபெடரல் ஸ்கில்டுக்கு அடிப்படைத் தகுதி இது: கடந்த 10 ஆண்டுக்குள், ஒரே தொழில் குறியீட்டில், இடைவெளியில்லாமல் 1 ஆண்டு சம்பள வேலை. வாரம் 30 மணி நேரம் என்றால் மொத்தம் 1,560 மணி. ஆங்கிலத்தில் நான்கு பகுதியிலும் கனடாவின் மொழித்திறன் அளவான சிஎல்பி 7, அதாவது ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெய்னிங்கில் ஒவ்வொன்றிலும் 6.0. அகாடமிக் தேர்வு செல்லாது. பிடிஇ எழுதுவதாக இருந்தால் பிடிஇ கோர் எழுத வேண்டும். படிப்புக்காக எழுதிய பிடிஇ அகாடமிக் இதற்கு உதவாது. ஐஇஎல்டிஎஸ், பிடிஇ கோர் இரண்டுக்கும் செல்லுபடி 2 ஆண்டு. விண்ணப்பம் ஏற்றும் நாளில் அது உயிரோடு இருக்க வேண்டும்.

இங்கே 67, 469 என்பது போல இரண்டு விதமான எண்கள் காதில் விழும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 100க்கு 67 என்பது ஃபெடரல் ஸ்கில்ட் திட்டத்துக்குள் நுழையும் தகுதி. நுழைந்தபின் மற்றவர்களோடு போட்டி போடும் மதிப்பெண் சிஆர்எஸ், அது 1,200க்கு. 67 எடுத்துவிட்டோம், பிஆர் கிடைத்த மாதிரிதான் என்று ஏஜென்ட் சொன்னால் அந்த அலுவலகத்தில் பணம் கட்டாதீர்கள்.

புள்ளி எங்கே போகிறது

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். திருமணம் ஆகாதவர், வயது 29, முதுகலைப் பட்டம், கனடாவுக்கு வெளியே 3 ஆண்டுக்கு மேல் அனுபவம், ஐஇஎல்டிஎஸ் லிசனிங் 8.0, மற்ற மூன்றும் 7.0. இது நான்கிலும் சிஎல்பி 9. வயதுக்கு 110, படிப்புக்கு 135, மொழிக்கு பகுதிக்கு 31 வீதம் 124. படிப்பும் மொழியும் சேர்ந்து 50, அனுபவமும் மொழியும் சேர்ந்து 50. மொத்தம் 469.

அதே ஆள் ரைட்டிங்கில் மட்டும் 6.5 வாங்கினார் என்று வையுங்கள். அரைப் புள்ளிதானே என்று தோன்றும். ரைட்டிங் சிஎல்பி 8க்கு இறங்கியதால் அங்கே 31 என்பது 23 ஆகிறது, 8 போயிற்று. அதைவிடப் பெரிய அடி சேர்க்கைப் புள்ளிகளில் விழுகிறது. அந்த 50ம் 50ம் நான்கு பகுதியும் சிஎல்பி 9 தொட்டால்தான் முழுதாக வரும். ஒன்று குறைந்தாலும் 25ம் 25ம்தான். ஆக 469 என்பது 411. ரைட்டிங்கில் அரை பேண்ட், 58 புள்ளி. 6.5ல் நின்றுவிட்டவர்கள் வேறு எதற்கும் செலவு செய்யும் முன் முழுத் தேர்வுக்கும் இன்னொரு முறை பணம் கட்டுவதே நல்லது. லிசனிங்கில் 7.5 வாங்கியவர்களுக்கும் இதே கதிதான், ஏனென்றால் அங்கே சிஎல்பி 9க்கு 8.0 வேண்டும்.

வயதுக்கான புள்ளி 30லிருந்து கரையத் தொடங்குகிறது. தனி ஆளுக்கு 30ல் 105, 35ல் 77, 40ல் 50, 45ல் பூஜ்யம். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 5 அல்லது 6 போகிறது. 40 தாண்டினால் 11.

கணவன் மனைவி இருவரும் படித்தவர்களாக இருந்தால் யாரை முதன்மை விண்ணப்பதாரர் ஆக்குவது என்பதை இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். சம்பளம் அதிகம் வாங்குபவரைப் போடுவது வழக்கமாக இருக்கிறது. சம்பளத்துக்கு ஒரு புள்ளியும் இல்லை. வயது குறைந்தவர், ஆங்கிலம் நன்றாக எழுதுபவர் முன்னால் நிற்கட்டும். துணைவர் தேர்வு எழுதினால் பகுதிக்கு 5 வீதம் 20 வரை, அவருடைய படிப்பை மதிப்பீடு செய்தால் 10 வரை கூடும்.

469 போதுமா என்றால், 2025ல் நடந்ததைப் பார்த்துச் சொல்லலாம். அழைப்புகள் சுற்றுச் சுற்றாகப் போகும், ஒரு சுற்றில் அழைக்கப்பட்ட குறைந்தபட்ச மதிப்பெண்தான் வெட்டுப் புள்ளி. கனடா அனுபவத்துக்கான சுற்றுகளில் அந்த ஆண்டு அது 500க்குக் கீழே இறங்கவே இல்லை. எல்லாருக்குமான பொதுச் சுற்று 2024 ஏப்ரலுக்குப் பிறகு 2025 முழுவதும் நடக்கவில்லை. வெளியில் இருப்பவர்களுக்கு மீந்த வழிகள் மூன்று: மருத்துவம், கல்வி, கைத்தொழில் போன்ற துறைவாரிச் சுற்றுகள், மாகாண நியமனம், பிரெஞ்சு.

ஒரு மாகாணமே உங்களைத் தேர்ந்தெடுக்கும் மாகாண நியமனம் வந்தால் 600 புள்ளி ஒரேயடியாகக் கூடும், அழைப்பு வருவது ஏறத்தாழ உறுதி. ஆனால் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி விதி, தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. அந்த மாகாணத்தில் வசிக்க உண்மையாகவே எண்ணம் இருக்க வேண்டும்.

பிரெஞ்சைத் தமிழர்கள் குறைவாக மதிப்பிடுகிறார்கள் என்பது எங்கள் கருத்து. 2025 மார்ச்சில் பிரெஞ்சுச் சுற்று ஒன்றில் வெட்டுப் புள்ளி 379 வரை இறங்கியது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா தேர்வில் நான்கு பகுதியிலும் 7ஆம் நிலை வேண்டும், ஏறக்குறைய பி2 என்னும் மேல் இடைநிலைத் தரம். ஆங்கிலமும் சிஎல்பி 5ஓ அதற்கு மேலோ இருந்தால் கூடுதலாக 50 புள்ளி. அதோடு இரண்டாம் மொழிக்கான புள்ளிகளும் சேரும். சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு கற்றுத்தரும் அலையான்ஸ் பிரான்சேஸ் நிலையம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவருக்கு ஒன்றரை ஆண்டாவது பிடிக்கும். மூன்று மாதத்தில் பி2 என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளை நம்ப வேண்டாம்.

வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு முன்பு 50 அல்லது 200 புள்ளி இருந்தது. 2025 மார்ச் 25 முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. சிஆர்எஸ் கூட்டுவதற்காக எல்எம்ஐஏ (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி பெறும் கனடா அரசு ஒப்புதல்) வாங்கித் தருகிறோம் என்று இன்றும் லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேலைக் கடிதத்தை விலைக்கு வாங்குவது அப்போதும் குற்றம்தான். இப்போது அதற்குப் புள்ளிகூட இல்லை.

பெயர்

தமிழ்ப் பெயர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தீர்த்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. கீழே செந்தில்முருகன் ராமசாமி என்று ஒரே வரியில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் செந்தில்முருகன் ரா. பட்டத்தில் ரா. செந்தில் முருகன், நடுவில் ஓர் இடைவெளியோடு. சம்பளச் சீட்டில் இன்னொரு விதம். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். சென்னையையே பார்த்திராத அதிகாரிக்கு அது நான்கு பேர்.

குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு கனடாவின் விதி, முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விட வேண்டும் என்பது. பிஆர் அட்டையும் அப்படியே வரும். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம், பிள்ளையின் பள்ளி என்று ஒவ்வோர் இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரிடும். பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து, தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்து வாங்கிவிடுவது நல்லது. அதைச் செய்த பிறகே ஐஇஎல்டிஎஸ் பதிவு, படிப்பு மதிப்பீடு, போலீஸ் சான்று எல்லாம். வரிசை மாறினால் தேர்வு ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் ஒரு பெயரிலும் நிற்கும்.

பழைய சான்றிதழ்களில் உள்ள வேறுபாட்டுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை என்று முத்திரைத்தாளில் நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம். அதில் எந்தச் சான்றிதழில் எந்த எழுத்துக்கூட்டல் என்று தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். பொதுப்படையாக எழுதிய பத்திரம் எதையும் விளக்காது. தமிழில் உள்ள பிறப்புச் சான்று, திருமணச் சான்று எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் மூலத்தின் நகலும் சேர்த்து வைக்க வேண்டும். வீட்டில் ஒருவர் மொழிபெயர்த்தால் ஏற்க மாட்டார்கள்.

படிப்பு மதிப்பீடு

இசிஏ என்பது உங்கள் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று சொல்லும் அறிக்கை. பெரும்பாலோர் வெஸ் என்ற மதிப்பீட்டு அமைப்பு வழியாகப் போகிறார்கள். கனடா அரசு அங்கீகரித்த மற்ற அமைப்புகளும் ஏற்கப்படும். மருத்துவர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் அவரவர் துறைக்கெனத் தனி அமைப்பு உண்டு. விண்ணப்பிக்கும்போது குடியேற்றத்துக்கான இசிஏ என்பதையே தேர்ந்தெடுங்கள். அதே தளத்தில் கல்லூரிச் சேர்க்கைக்கான மதிப்பீடும் இருக்கும். அதைத் தவறுதலாக வாங்கிவிட்டுப் பணம் இழந்தவர்கள் நிறைய.

முதலில் குறிப்பு எண் வாங்கிக்கொண்டு, பிறகு பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு (எல்லாப் பருவ மதிப்பெண்களின் தொகுப்பு) விண்ணப்பியுங்கள். அது அங்கிருந்து நேராகப் போக வேண்டும். உறையில் போவதாக இருந்தால் ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்திருக்கிறதா, குறிப்பு எண் எழுதியிருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் டிரான்ஸ்கிரிப்ட் தருவது கல்லூரியா பல்கலைக்கழகமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கேதான் இரண்டு மாதம் வீணாகும். பட்டமளிப்பு விழாவுக்கே போகாமல் தற்காலிகச் சான்றிதழோடு பத்து வருடம் ஓட்டியவர்கள் முதலில் பட்டத்தை வாங்கியாக வேண்டும். அறிக்கை 5 ஆண்டு செல்லும் என்பதால் இதைச் சீக்கிரம் முடிப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. இரண்டு பட்டங்களுக்கான புள்ளி கேட்பவர்கள் இரண்டையும் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

வேலைக் கடிதம்

மறுப்புகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். தொழில் குறியீட்டை என்ஓசி 2021 என்ற கனடாவின் தொழில் பட்டியலிலிருந்து எடுக்கிறோம். தேவையான படிப்பையும் பயிற்சியையும் பொறுத்துத் தொழில்களைப் பிரிக்கும் டீர் நிலைகளில் 0, 1, 2, 3 வகைகள் மட்டுமே கணக்கில் வரும். குறியீட்டைப் பதவிப் பெயர் தீர்மானிப்பதில்லை. செய்த வேலைதான் தீர்மானிக்கிறது. சீனியர் அசோசியேட், கன்சல்டன்ட், அனலிஸ்ட் என்ற பெயர்களுக்கு இங்கே பொருளே கிடையாது. 21231 மென்பொருள் பொறியாளர், 21232 மென்பொருள் உருவாக்குநர். பக்கத்துப் பக்கத்து எண்கள், பணிகள் வேறு. இரண்டின் பக்கத்தையும் திறந்து, முதல் வரியில் உள்ள விளக்கமும் அதன் கீழ் உள்ள முக்கியப் பணிகளில் பெரும்பாலானவையும் நீங்கள் உண்மையில் செய்தவையா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கடிதம் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். உங்கள் பெயர், வகித்த ஒவ்வொரு பதவிக்கும் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும், செய்த பணிகள், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி, மின்னஞ்சல். இதில் வாரத்து மணி நேரமும் சம்பளமும்தான் பெரும்பாலும் விடுபடுபவை. முழுநேர ஊழியர் என்று எழுதினால் போதாது. 40 மணி என்று எண் வேண்டும்.

பணிகளை எழுதும் விதம் பற்றி. மென்பொருள் உருவாக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தார் என்ற வரி எதையும் சொல்லவில்லை. என்ஓசி பக்கத்திலிருந்து அப்படியே வெட்டி ஒட்டிய பத்து வரிகள் இன்னும் மோசம். அந்த வாசகங்களைத் தினமும் படிக்கும் அதிகாரிக்குச் சந்தேகம்தான் வரும். மாறாக, வங்கியின் கடன் தவணை வசூல் பகுதிக்கான நிரலை ஜாவாவில் எழுதினார், சோதனையில் வந்த பிழைகளைக் களைந்தார், பயனர் கையேடு தயாரித்தார் என்று இருந்தால் அது ஓர் ஆள் செய்த வேலையாகத் தெரியும். 6 முதல் 8 வரிகள் போதும்.

பெரிய கம்பெனிகள் பலவும் தேதியும் பதவியும் மட்டும் போட்டு ஒரு பொதுக் கடிதம் தரும். பணிகளை எழுத மாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. அப்போது செய்ய வேண்டியது: அந்தப் பொதுக் கடிதத்தையும் வைத்து, உங்கள் மேலாளரோ உடன் வேலை பார்த்த மூத்தவரோ பணிகளை விவரித்து நோட்டரி முன் தரும் உறுதிமொழியும் வைத்து, அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு அவருடைய ஆதாரத்தையும் சேர்த்து, கூடவே நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதங்கள், ஃபார்ம் 16, சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கிப் பக்கங்கள். மேலே, கம்பெனி ஏன் கடிதம் தரவில்லை என்று ஒரு பக்க விளக்கக் கடிதமும் கேட்டு மறுக்கப்பட்ட மின்னஞ்சலின் நகலும். அந்த மின்னஞ்சல் இல்லாமல் விளக்கம் வெறும் சொல்லாக நிற்கும். ஆகவே மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

சொந்தத் தொழில் செய்தவர்கள் தாங்களே எழுதிய பணி விவரம் ஏற்கப்படாது. பதிவுச் சான்று, வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல், வாடிக்கையாளர்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் சேர்ந்துதான் பேசும்.

பணம்

ஃபெடரல் ஸ்கில்ட் வழியில் வருபவர்கள் குடும்ப அளவுக்கு ஏற்பப் பணம் காட்ட வேண்டும். 2025 ஜூலையில் அறிவித்த தொகை ஒருவருக்கு 15,263 கனடா டாலர், இருவருக்கு 19,001, மூவருக்கு 23,360, நால்வருக்கு 28,362. ஆண்டுதோறும் மாறும் என்பதால் 10 சதவீதமாவது கூட வைத்திருங்கள். ரூபாய் சரிந்தாலும் அது காப்பாற்றும். துணைவரும் பிள்ளைகளும் இப்போது கூட வராவிட்டாலும் எண்ணிக்கையில் சேர்வார்கள். கனடா அனுபவ வகுப்பில் விண்ணப்பிப்பவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

வங்கியிடம் வாங்க வேண்டியது வெறும் ஸ்டேட்மென்ட் இல்லை. லெட்டர்ஹெட்டில் கணக்கு எண், தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, கடந்த 6 மாத சராசரி இருப்பு, நிலுவைக் கடன்கள் எல்லாம் உள்ள கடிதம். கிளை மேலாளர்களில் பலருக்கு இந்த வடிவம் பழக்கமில்லை. ஒரு மாதிரியை அச்சிட்டுக் கொண்டு போய்க் கொடுங்கள். சராசரி இருப்பு என்ற வரியைத்தான் விட்டுவிடுவார்கள். கையில் வாங்கியதும் அதை முதலில் தேடுங்கள்.

நிலம், வீடு, நகை கணக்கில் சேராது. நிலையான வைப்பை எப்போது வேண்டுமானாலும் உடைக்கலாம் என்றால் சேரும். கடன் வாங்கிய பணம் கூடாது. நகைக் கடனும் கடன்தான். ஐந்து மாதம் 2 லட்சம் இருந்த கணக்கில் திடீரென 15 லட்சம் ஏறினால் கேள்வி வரும். அப்பா கொடுத்தது என்றால் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற நன்கொடைப் பத்திரமும் அப்பாவின் கணக்கில் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரமும். மனை விற்றது என்றால் பதிவான கிரயப் பத்திரம். சீட்டு எடுத்தது என்றால் பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தின் ரசீது. அக்கம்பக்கத்தில் நடக்கும் பதிவில்லாத சீட்டுக்கு ஆதாரம் காட்ட முடியாது. அந்தப் பணத்தை இதற்கு நம்பியிருக்க வேண்டாம்.

போலீஸ் சான்று, மருத்துவம்

கடந்த 10 ஆண்டில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்று வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இப்போது வசிக்கும் நாட்டின் சான்று விண்ணப்பம் ஏற்றும் நாளுக்கு 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். சீக்கிரம் வாங்கி வைத்தால் காலாவதியாகும். விட்டு வந்துவிட்ட நாட்டின் சான்றோ, அங்கே கடைசியாக வசித்ததற்குப் பிந்தைய தேதியில் இருந்தால் போதும். ஆகவே சிங்கப்பூர், துபாய், குவைத் சான்றுகளை இப்போதே தொடங்குங்கள். இந்தியச் சான்றைக் கடைசியில் எடுங்கள். சில நாடுகள் அழைப்புக் கடிதத்தைக் காட்டினால்தான் தரும். அங்கே விரல் ரேகைப் படிவமாவது தயாராக இருக்கட்டும்.

இந்தியச் சான்றைப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். கட்டணம் 500 ரூபாய். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் இப்போது இருக்கும் வீடும் வேறு என்றால் காவல் நிலைய விசாரணை இழுக்கும். வாடகை ஒப்பந்தத்தையும் முகவரிச் சான்றையும் எடுத்து வைத்திருங்கள்.

மருத்துவப் பரிசோதனையை 2025 ஆகஸ்ட் 21 முதல் விண்ணப்பிப்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். கனடா அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே. உங்கள் குடும்ப டாக்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் செல்லாது. முடிவு 12 மாதம் செல்லும். அழைப்பு வந்த முதல் வாரத்திலேயே நேரம் வாங்கிவிடுங்கள். முடிவுகளை மருத்துவரே நேராக அனுப்புவார். நீங்கள் ஏற்ற வேண்டியது பரிசோதனை நடந்ததற்கான தகவல் தாள்.

மார்பு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் மூன்று நாள் சளி மாதிரி எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். அதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். சிறு வயதில் மருந்து சாப்பிட்டவர்கள் அந்தச் சிகிச்சைச் சீட்டுகளைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். கர்ப்பிணிகள் எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்குப் பிறகு தள்ளிப் போடலாம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பதை மறைப்பவர்கள் நிறைய. கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரைக்காக மறுப்பதில்லை. மறைத்தது தெரிந்தால்தான் ஆபத்து.

யாரையும் விட்டுவிடாதீர்கள்

இது எல்லாவற்றையும்விட முக்கியம். துணைவர், 22 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள் எல்லாரையும் விண்ணப்பத்தில் அறிவித்தாக வேண்டும். முதல் திருமணத்தில் பிறந்து வேறொருவரிடம் வளரும் பிள்ளையையும் சேர்த்துத்தான். கூட வராதவர்களுக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. இப்போது மறைத்த ஒருவரைப் பின்னால் குடும்ப ஆதரவு விண்ணப்பத்தில் அழைத்துக்கொள்ள முடியாமல் போகும். செலவு குறையும், புள்ளி கூடும் என்று திருமணத்தையே சொல்லாமல் தனி ஆளாக விண்ணப்பித்து, பிறகு மனைவியை அழைக்க முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. விண்ணப்பித்த பிறகு திருமணம் நடந்தாலும் குழந்தை பிறந்தாலும், கனடாவில் தரையிறங்கும் முன் இணையப் படிவம் வழியாகத் தெரிவித்தே ஆக வேண்டும். பொய்த் தகவல் என்று முடிவானால் 5 ஆண்டு தடை.

அந்த 60 நாள்

அழைப்பு வந்ததும் முதல் வேலை, புரொஃபைலில் எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் கையில் காகிதம் இருக்கிறதா, புள்ளி இன்னும் அதே அளவா என்று பார்ப்பது. அனுபவம் 3 ஆண்டு என்று எழுதிவிட்டுக் கடிதம் 2 ஆண்டு 11 மாதம் காட்டினால், சிஎல்பி 9 உள்ளவருக்குச் சேர்க்கைப் புள்ளியில் 25 சரியும். புள்ளி வெட்டுக்குக் கீழே போகிறது என்றால் அழைப்பை மறுத்துவிட்டு, அழைப்புக்காகக் காத்திருப்பவர்களின் வரிசைக்குத் திரும்பப் போவதே நல்லது. ஏற்று விண்ணப்பித்தால் மறுப்பு வரும், கட்டணமும் போகும்.

கடந்த 10 ஆண்டு வரலாற்றில் ஒரு மாதம்கூட இடைவெளி விடாதீர்கள். வேலை இல்லாமல் இருந்த நான்கு மாதத்தையும் வேலை தேடினேன் என்று எழுதுங்கள். வீட்டு முகவரிகளுக்கும் இதே விதிதான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு கோப்புதான் ஏறும், அளவு 4 எம்பிக்குள். ஒரு வேலைக்கான கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிச் சுருக்குங்கள். சுருக்கிய பின் முத்திரையில் உள்ள எழுத்து படிக்க முடிகிறதா என்று திறந்து பாருங்கள். ஒரு கட்டாயக் காகிதம் விடுபட்டாலும் முழுமையற்றது என்று திருப்பிவிடுவார்கள், அழைப்பும் அதோடு போகும். ஏதாவது சான்று வராமல் நின்றால் அந்தக் கட்டத்தில் விண்ணப்பித்த ரசீதும் விளக்கக் கடிதமும் ஏற்றுங்கள். காலியாக விடக் கூடாது.

கட்டணம், 2024 ஏப்ரல் 30 அன்று நடைமுறைக்கு வந்த அளவில், பெரியவருக்கு 950 டாலரும் வசிப்புரிமைக் கட்டணம் 575ம் சேர்த்து 1,525. பிள்ளைக்கு 260. விரல் ரேகைப் பதிவு ஒருவருக்கு 85, குடும்பத்துக்கு 170. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 3,740 டாலர். இது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறும். கட்டும் நாளில் உள்ள தொகையைப் பாருங்கள். உள்நாட்டு டெபிட் அட்டைகள் பல கடைசி நாளில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை மறுக்கும், ஆகவே அட்டையின் சர்வதேச வரம்பை முன்பே உயர்த்தி வையுங்கள்.

ஏஜென்ட் தேவையா என்றால், நேரான வழக்குக்குத் தேவையில்லை. பழைய விசா மறுப்பு, விவாகரத்து, பிள்ளைக் காவல், குற்ற வழக்கு இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு பிரதிநிதியாக நிற்க உரிமை பெற்றவர்கள் உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகர்கள், கனடா வழக்கறிஞர்கள், கியூபெக் நோட்டரிகள் போன்றோர்தான். ஆலோசகர் பெயர் அவர்களுக்கு உரிமம் தரும் அமைப்பின் (அதன் பெயரில் காலேஜ் என்று இருக்கும்) பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதன்பின் பிரதிநிதியை அறிவிக்கும் ஐஎம்எம் 5476 படிவத்தில் அவர் பெயர் போட்டுக் கையெழுத்திடுவாரா என்று கேளுங்கள். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை அவர் மட்டும் வைத்துக்கொள்வேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். என்ன பொய் ஏறியிருந்தாலும் தடை உங்கள் பெயருக்குத்தான்.

ஒப்புதல் வந்த பிறகு

விரல் ரேகைக்கு அழைப்பு வந்ததும் 30 நாளுக்குள் போய்விட வேண்டும். அரசு சொல்லும் கால அளவு 6 மாதம். பாதுகாப்புச் சரிபார்ப்பில் சிலருக்கு நீளும். பாஸ்போர்ட் கேட்டு வரும் கடிதத்துக்குப் பிறகு வசிப்புரிமை உறுதிச் சான்று வரும். அதில் உள்ள கடைசித் தேதி, மருத்துவ முடிவும் பாஸ்போர்ட்டும் காலாவதியாவதைப் பொறுத்தது, நீட்ட மாட்டார்கள். பாஸ்போர்ட் காலம் குறைவாக இருப்பவர்கள் முன்பே புதுப்பித்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கனடாவில் இறங்கும் நாளில் கையோடு கொண்டு வருபவை, பின்னால் வருபவை என்று இரண்டு பட்டியல் வேண்டும். பிஎஸ்எஃப் 186 படிவம் அதற்கானது. தாலிக்கொடி, வளையல், ஆரம் என ஒவ்வொரு நகையையும் விவரித்து, எடையும் மதிப்பும் போட்டு, மதிப்பீட்டாளர் சீட்டும் புகைப்படமும் சேர்த்து முதல் நாளே பதியுங்கள். அம்மா வீட்டில் விட்டுவந்த நகையும் பின்னால் வருபவை பட்டியலில் இருக்கட்டும். பட்டியலில் இல்லாத நகையை இரண்டு வருடம் கழித்துக் கொண்டு வந்தால் சுங்கம் கேட்பார்கள். 10,000 டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொண்டு வந்தால் அறிவிக்க வேண்டும். பணத்துக்குக் கட்டணம் கிடையாது. அறிவிக்காமல் பிடிபட்டால் பறிமுதல் செய்வார்கள்.

பிஆர் அட்டை அனுப்ப 180 நாளுக்குள் கனடா முகவரி கொடுக்க வேண்டும். அதன் பிறகு 5 ஆண்டுக் காலத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். இறங்கிவிட்டு ஊருக்குத் திரும்பி வேலையைத் தொடர நினைப்பவர்கள் ஒவ்வொரு பயணத்தின் போர்டிங் பாஸையும் ஒரு கவரில் போட்டு வைத்து, போன நாளும் வந்த நாளும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். அட்டை புதுப்பிக்கும்போது கேட்பது அந்தக் கணக்கைத்தான்.